முந்நூற்று அறுபது நாள்

1974 தை மாதம் என் கடைசித் தம்பி பிறந்தான். உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்கவேண்டிய சிற்றூர் எங்களுடையது. ஊர் மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள். கூரை வீட்டின் ஒரு மூலையில் பழைய புடவையைத் திரையாகக் கட்டி, பாய் விரித்து, பக்கத்தில் சட்டியில் நெருப்பு போட்டு வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே அம்மாவைப் பெற்ற ஆயா மானாம்பதியிலிருந்து மூட்டையோடு வந்து இறங்கினாள். மூட்டையில் சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம், பூண்டு, பனைவெல்லம். அம்மியில் அதையெல்லாம் அரைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் அம்மாவுக்குக் கொடுப்பாள். வெந்நீர் ஊற்றுவாள். வயிற்றைச் சுற்றி வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுவாள். அம்மா புடவைத் திரையைத் தாண்டி ஒரு சொம்புத் தண்ணீர் எடுக்க வந்தாலும் ஆயாவுக்குப் பொறுக்காது. "பச்ச ஒடம்புடி, போய்ப் படு" என்று அதட்டுவாள்.

சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்த நேரம் அது. அறுப்புக் கூலி நெல்லாக வரும். அந்த நெல்தான் எங்களுக்குப் பாதி வருஷச் சோறு. பத்தாம் நாளோ என்னவோ, நைனா வாசலில் நின்றபடி, "அறுப்புக்குக் கூப்புடுறாங்க" என்று பொதுவாகச் சொன்னார். யாரிடம் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயா அம்மியை விட்டு எழவில்லை. "அறுப்புக்கு வேற ஆளு கெடைக்கும். எம் பொண்ணுக்கு வேற ஒடம்பு கெடைக்குமா?" என்றாள். நைனா மறுபேச்சு பேசாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு மாதம் அம்மா சமைக்கவில்லை, தண்ணீர் சுமக்கவில்லை, சாணி அள்ளவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அம்மா பகலில் தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அம்மாவுக்குக் கிடைத்த ஓய்வுக்குத் தீட்டு என்று பெயர். அவள் தொட்ட பாத்திரத்தைத் தனியே வைத்தார்கள். மாதாமாதம் அந்த மூன்று நாளும் மாட்டுக் கொட்டாய் ஓரத்தில்தான் அவளுக்குப் படுக்கை. அதிலும் ஒரு கொடுமை உண்டு. தீட்டு அவளை அடுப்படிக்குள் விடாது. ஆனால் நடவுக்குப் போகாதே என்று தடுக்காது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நாற்று நட்டுவிட்டு, திரும்பி வந்து கொட்டாயில் படுப்பாள். நடவு முடியும்வரை விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரியில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டு காலை நீட்டி உட்காருவாள். அந்த உட்காரல் ஓய்வில் சேராது. எரிச்சல் அடங்கினால்தான் தூக்கம் வரும் என்பதற்காக உட்காருவது.

ஆயா மாதிரி ஒருத்தி இல்லாதவர்களுக்கு அந்த மூலையும் கிடைக்கவில்லை. எங்கள் பின்தெருவில் தாயில்லாத ஒரு பெண், பெற்ற மூன்றாம் வாரமே களை பறிக்க வந்தாள். வரப்போரத்து வேப்பமரத்தில் புடவையைத் தூளியாகக் கட்டி, பிள்ளையைப் போட்டுவிட்டுக் குனிந்தாள் என்றால், அது வீறிட்டு அழும்போதுதான் நிமிருவாள். முப்பது வயதிலேயே அவள் இடுப்பு போய்விட்டது. பிறகு அவள் நிமிர்ந்து நடந்து யாரும் பார்த்ததில்லை.

இத்தனையையும் சொன்ன பிறகு, அந்த வாழ்க்கையில் இருந்த ஒரு நல்லதையும் சொல்லியாகவேண்டும். பிற்பகல் என்று ஒரு பொழுது இருந்தது. ஏரித் தண்ணீரை நம்பிய ஊர். மதகை அடைத்துவிட்டால் வயலில் வேலை குறைந்துவிடும். விறகு பொறுக்கப் போனவர்களும் உச்சிக்குள் திரும்பிவிடுவார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் தெருப் பெண்கள் எல்லோரும் யார் வீட்டுத் திண்ணை நிழலில் இருக்கிறதோ அங்கே கூடுவார்கள். ஒருத்தி தலையை இன்னொருத்தி மடியில் சாய்ப்பாள். ஈருளியும் பேன்சீப்பும் கைமாறும். பேன் பார்க்கிறோம் என்று பெயர். பார்க்கப்படுகிறவள் அரைத் தூக்கத்தில் கண் சொருகிக் கிடப்பாள். பேச்சும் சிரிப்பும் நடக்கும். மாமியார் கொடுமை, புருஷன் குடி எல்லாம் அங்கேதான் வெளியே வரும். "சும்மா உக்காந்திருக்கா" என்று அந்த நேரத்தில் யாரும் ஒருத்தியைக் குறை சொல்ல முடியாது. பேன் பார்ப்பதும் ஒரு வேலைதானே. ஊர் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் அம்மாக்கள் உயிரோடு இருந்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு எல்லாம் வந்தது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபோது ஏரி வற்றினாலும் நவரை, சொர்ணவாரி, சம்பா என்று நடவு தொடர்ந்தது. அடுப்பூதும் குழல் போய் எரிவாயு வந்தது. 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. அம்மாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கிரைண்டர் ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எனக்கு இருபது வயசுல வந்திருந்தா என் தோளு இப்படி ஆயிருக்காதுடி" என்றாள். அவள் வலது கை தோளுக்கு மேல் தூக்காது. அந்தக் கிரைண்டரைக் கேலி பேசுகிறவர்கள் ஆட்டுக்கல்லில் ஒரு படி அரிசி ஆட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் மிச்சமான நேரம் எங்கே போனது என்பதைத்தான் நான் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். ஆட்டுக்கல் காலத்தில் எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாள் காலையில் கூழ், இல்லாவிட்டால் பழையது. ஒரே பானை, எல்லோருக்கும் ஒரே சோறு. கிரைண்டர் வந்தபின் இட்லி தினப்படி ஆனது. பிள்ளைக்கு இட்லி, வேலைக்குப் போகிறவருக்குத் தோசை, மாமனாருக்குச் சர்க்கரை நோய் என்று சப்பாத்தி, பள்ளிக்கு மதியம் கட்ட ஒரு கலந்த சாதம். அரைப்பதில் மிச்சமான நேரத்தை வகை வகையாகச் செய்வதில் வீடு வாங்கிக்கொண்டது. துணி துவைக்கும் இயந்திரம் வந்த வீட்டில் துணி தினமும் அழுக்காகிறது. திண்ணை இடிபட்டு அந்த இடத்தில் இரும்பு கேட்டு நிற்கிறது. பேன் பார்க்க ஒருத்தி மடியும் இல்லை.

இது என் தெருவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். குழந்தை, முதியோர், நோயாளிகளைக் கவனிக்கும் நேரம் இதற்கு மேல். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பெண்ணுக்கு 10 நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்தது. இயந்திரம் இருவருக்குமே கொஞ்சம் நேரம் தந்திருக்கலாம். அவள் வேலையில் ஒரு பங்கை அவன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இந்த எண்கள் மூடி மறைக்காமல் சொல்கின்றன.

இந்த எண்களை எனக்கு உடலும் உயிருமாகக் காட்டியவள் என் தம்பி மருமகள். புடவைத் திரைக்குப் பின்னால் பிறந்த அதே தம்பியின் மகனைக் கட்டியவள். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்து, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறாள். முதல் ஷிஃப்ட் என்றால் விடியுமுன்பே சாலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்குள் சமைத்து வைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, பிள்ளையின் பள்ளிப் பையை எடுத்து வைத்து ஓடவேண்டும். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குவாளாம். "அதுதான் அத்தை எனக்கு நிம்மதியான தூக்கம். வாலாஜாபாத் வந்தா டிரைவரண்ணன் ஹாரன் அடிப்பாரு, முழிச்சிக்குவேன்" என்றாள். விடுமுறை நாளிலாவது படுத்து எழக்கூடாதா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழமதான் அத்தை எனக்கு ரெண்டு ஷிஃப்ட்டு" என்றாள். வாரத் துணி, வீடு கழுவல், கறிக்குழம்பு, விருந்தாள், பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு வந்து குவிந்திருக்கும் வீட்டுப்பாடம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கென்று காத்திருக்கும்.

அவளுக்கு இரண்டாவது பிரசவம் அறுவைசிகிச்சையில் நடந்தது. மருத்துவமனையில் நல்ல கவனிப்பு. வீட்டுக்குத் தாய் சேய் வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். என் அம்மாவுக்குக் கனவிலும் கிடைக்காத பாதுகாப்பு இது. தமிழ்நாட்டில் இன்று 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. நாம் பெருமைப்படவேண்டிய செய்தி. அதே ஆய்வு, அந்தப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைசிகிச்சை என்கிறது. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது. வயிற்றைக் கிழித்துத் தைத்த உடம்பு, இரத்தமும் போதாத உடம்பு. அன்றைய பச்சை உடம்பைவிட அதிக நாள் படுத்திருக்கவேண்டிய உடம்பு. ஆனால் நடப்பது நேர்மாறு. தீட்டு என்ற அவமானம் ஒழிந்தது, நல்லது. அதோடு சேர்ந்து அந்த மூலையும் பாயும் ஆயாவின் அதட்டலும் போய்விட்டன. அவளுடைய அம்மாவும் வேலைக்குப் போகிறவள். ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டாம் வாரம் நான் போனபோது, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் குறையில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே, பிரசவமான ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு தந்தது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். திரும்பி வந்தபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரவேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஆனால் ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில், கர்ப்பம் தெரிந்ததும் "அடுத்த ஒப்பந்தத்துக்குச் சொல்லி அனுப்புறோம்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் எந்தக் கதவைத் தட்டுவாள்? எங்கள் மருமகள் தட்டவில்லை. வயிற்றில் ஆறு மாதத்தோடு வேலையை விட்டாள், குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் புதிய ஆளாகச் சேர்ந்தாள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். 1990-இல் என் மகள் பிறந்தபோது எனக்குச் சம்பளத்தோடு 90 நாள் விடுப்பு. அரசு ஊழியர்களுக்கு அது 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் ஒரு வருஷம் என்று உயர்ந்தது. அதை நான் வரவேற்கிறேன். ஒரு வருஷம் வேண்டும்தான். அதே தெருவில் களை பறிக்கிற பெண்ணுக்கு ஒரு நாள்கூட இல்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. அவளுக்கென்று இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்தது, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. இழந்த கூலிக்கு ஈடாக, அவள் படுத்திருக்கவும் நல்லது சாப்பிடவும் கொடுக்கப்படும் பணம். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் பழைய கடனுக்கும் பேர்வைக்கும் சடங்குக்கும் போகிறது. பணம் வருகிறது, படுக்கை வருவதில்லை. அவள் இடத்தில் நின்று சோறு பொங்க ஆள் இல்லாதவரை எந்தப் பணமும் அவளைப் படுக்கவைக்காது.

மாற்று ஆள் என்றதும் எனக்கு உத்திரமேரூர்தான் நினைவுக்கு வரும். குடவோலைக்காக உலகம் அறிந்த ஊர். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவர்க் கல்லில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டு விதிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஊரை 30 குடும்பாக, அதாவது 30 பகுதியாகப் பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆட்களைத் தேர்ந்த முறை அது. பள்ளிப் பிள்ளைகளை நான் பலமுறை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரியவேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும் என்ற தகுதிகளைத்தான் எல்லோரும் சொல்லித் தருவார்கள். என்னை நிறுத்தியது வேறொரு விதி. வாரியத்தில் அமர்ந்தவர் 360 நாள் பணி செய்துவிட்டு விலகவேண்டும். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. அதிகாரம் ஒரே கையில் தங்கக்கூடாது என்பதற்காக எழுதிய விதி. அதன் இன்னொரு பக்கம், பாரம் ஒரே தோளில் தங்கவும் அது விடவில்லை. ஏரியைக் காத்தவனுக்கு வருஷம் முடிந்ததும் மாற்று ஆள் வந்தான்.

அடுப்படிக்கு அப்படி ஒரு விதியை எந்தக் கல்லிலும் யாரும் பொறிக்கவில்லை. என் அம்மா பதினேழு வயதில் ஏற்ற பொறுப்பு, அவள் படுக்கையில் விழுந்தபிறகுதான் கைமாறியது. அதுவும் என் தம்பி மனைவியின் கைக்கு. அவள் கையிலிருந்து இப்போது மருமகள் கைக்கு. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு மாறினால் ஒருத்தியின் ஓய்வு இன்னொருத்தியின் இடுப்பில்தான் ஏறும். ஆயா என் அம்மாவைப் படுக்கவைத்தாள், உண்மை. அந்த ஒரு மாதமும் ஆயா எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கண் விழித்தபோதெல்லாம் அவள் விழித்திருந்தாள்.

ஆகவே, தாய்மார்கள் தங்களைக் கவனித்துக்கொள்ளவேண்டும், அரை மணி நேரம் நடக்கவேண்டும், கீரை சாப்பிடவேண்டும், மூச்சுப் பயிற்சி செய்யவேண்டும் என்று அறிவுரை சொல்வோரிடம் நான் ஒன்று கேட்கிறேன். அந்த அரை மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பார்? அதற்குப் பதில் இல்லையென்றால், அந்த அறிவுரை அவளுக்கு இன்னொரு வேலை. செய்யாமல் போனால் அந்தக் குற்றமும் அவள் தலையில்தான் விழும்.

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். வீட்டுக்குள் அவள் உழைப்பது உழைப்புதான் என்று அரசு ஒப்புக்கொண்டது பெரிய காரியம். எங்கள் தெருவில் அந்தப் பணத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், முதன்முதலாகக் கண்ணாடி போட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்து நேரத்தைக் கொடுக்கவேண்டும். நேரத்தை அரசு வங்கிக் கணக்கில் போட முடியாது. வீடும் ஊரும் சேர்ந்து கொடுக்கவேண்டும்.

தம்பி வீட்டில் நான் உட்கார்ந்து பேசிச் செய்தது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையலும் பாத்திரமும் தம்பிக்கும் அவன் மகனுக்கும். அன்று சாப்பிட்டபின் மாலை நாலு மணிவரை மருமகளையும் அவள் மாமியாரையும் யாரும் கூப்பிடக்கூடாது. குழந்தை அழுதால் அப்பன் தூக்கவேண்டும். முதல் சில வாரம் சோறு குழைந்தது, குழம்பில் உப்பு கூடியது. யாரும் செத்துப்போகவில்லை. இப்போது என் தம்பி வைக்கும் கருவாட்டுக் குழம்புக்கு ஊரில் பேர் இருக்கிறது. "அண்ணி என்னத்துக்குப் பகல்ல படுத்திருக்கு?" என்று எதிர்வீட்டில் கேட்டார்களாம். "ஒடம்பு அசதி, தூங்குது" என்று தம்பி பதில் சொன்னானாம். நோய் என்று பொய் சொல்லாமல், அசதி என்றே சொன்னானே, அதற்காக அவனை நான் மெச்சுகிறேன்.

ஊர் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கன்வாடி பூட்டும் நேரத்துக்கும் கம்பெனி பஸ் திரும்பும் நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் எங்கள் ஊர்த் தாய்மார்களின் மூச்சு இரைக்கிறது. பஸ் வரும்வரை மையம் திறந்திருக்கவேண்டும், அதற்குச் சம்பளத்தோடு கூடுதல் ஆள் போடவேண்டும். இப்போது இருக்கும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரு தாய்தான். அவர் தலையில் அதையும் கட்டக்கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த சபையில் இந்த ஒரு கோரிக்கையைத் தீர்மானமாக எழுதவையுங்கள். பெண்கள் வீட்டிலோ வெளியிலோ வேலையில் இருப்பார்கள், வர முடியாது. ஆண்கள் போய்க் கை தூக்குங்கள்.